பலடோனியாவிலிருந்து கைகூனா வரை: நல்லார்பரில் குழுவாக ஒரு நாள் சைக்கிள் ஓட்டும் முறை

மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் ஊரையும் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவையும் இணைக்கும் ஐர் நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 1,660 கி.மீ. ஆர்தர் ரிச்சர்ட்சன் 1896இல் தனியாளாக சைக்கிளில் இந்த வழியிலுள்ள நல்லார்பர் சமவெளியைக் கடந்தபோது இங்கே தார்ச்சாலை இல்லை. முழு நீளத்துக்கும் தார் போட்டு முடித்ததே 1976இல்தான். நாட்டைக் குறுக்கே கடக்கும் குழுக்களுக்கு இந்த வழியில் மிகுந்த திட்டமிடலைக் கேட்பது பலடோனியாவிலிருந்து கைகூனா வரையிலான 182 கி.மீ. இதில் 146.6 கி.மீ. சிறு வளைவுகூட இல்லாத நேர்சாலை. இடையில் கடையோ தங்குமிடமோ கிடையாது. இந்த ஒரு நாளை எட்டுப் பேர் கொண்ட குழு, ஒரு துணை வாகனத்துடன், மேற்கிலிருந்து கிழக்காக எப்படிக் கடக்கலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது காற்று. குளிர்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் மேற்குக் காற்று அதிகம் வீசுவதால்தான் பெரும்பாலோர் கிழக்கு நோக்கிப் போகிறார்கள். ஆனால் பொதுப் போக்கு என்பது நாம் புறப்படும் நாளுக்கான உறுதிமொழி அல்ல. முந்தைய மாலையில் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் கிழக்குக் காற்று வீசும் என்றிருந்தால் பலடோனியாவிலேயே ஒரு நாள் தங்கிவிடுவது நல்லது. அந்த எதிர்காற்றில் குழுவின் வேகம் 14 அல்லது 15 கி.மீ.க்கு இறங்கிவிடும், 182 கி.மீ.யை வெளிச்சத்துக்குள் முடிக்க இயலாது. தங்கும் நாளைப் போக்க, 1979இல் இந்தப் பக்கத்தில் விழுந்த ஸ்கைலேப் விண்நிலையத்தின் துண்டுகளைப் பற்றிய சிறு காட்சியகம் அங்கே இருக்கிறது.

செப்டம்பரில் இங்கே காலை 6 மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. மாலை 6 மணிக்குள் இருட்டியும் விடுகிறது. சராசரி வேகம் 22 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஓட்டும் நேரம் மட்டும் எட்டேகால் மணி. நிறுத்தங்களுக்கு இரண்டு மணி. வெளிச்சம் வந்தவுடன் கிளம்பினால் மாலை நான்கு மணியை ஒட்டிக் கைகூனாவை அடையலாம், எதிர்பாராத தாமதத்துக்கும் சிறிது நேரம் மிஞ்சும். இருட்டில் புறப்பட்டு நேரத்தை மிச்சப்படுத்த எண்ண வேண்டாம்: கங்காருக்கள் அதிகம் நடமாடுவது அந்தியிலும் விடியலிலும்தான், வண்டி ஓட்டுநர்களுக்கு நாம் கண்ணில் படாததும் அப்போதுதான்.

தண்ணீர்க் கணக்கில் சிக்கனம் கூடாது. நல்லார்பர் சமவெளி சுண்ணாம்புப் பாறையாலானது. பெய்யும் மழை பாறையின் வெடிப்புகள் வழியே நிலத்தடிக் குகைகளுக்குள் இறங்கிவிடுவதால், மேற்பரப்பில் ஆறோ ஓடையோ காண முடியாது. மிதமான வெயிலில் ஒருவருக்கு மணிக்கு முக்கால் லிட்டர் தேவைப்படும். ஓட்டத்துக்கு மட்டும் ஆறு லிட்டர் ஆகிறது. சமையல், கைகழுவல், வண்டி பழுதானால் காத்திருக்கும் நேரம் ஆகியவற்றையும் சேர்த்து ஒருவருக்கு 10 லிட்டர், எட்டுப் பேருக்கு 80 லிட்டர் என்று ஏற்றிக்கொள்ளுங்கள். ஓய்விடத் தொட்டிகளில் நீர் இருக்கும் என்று நம்பிப் புறப்படக் கூடாது. வெறும் நீரை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் உடலில் உப்பு குறையும் என்பதால், இரண்டு குப்பிகளில் ஒன்றில் உப்புச்சத்து கலந்த நீர் இருக்கட்டும். உணவைப் பொறுத்தவரை, பசிக்கும் வரை காத்திராமல் முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 40 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பழங்களைப் பிற்பாடு தின்னலாம் என்று சேர்த்து வைக்காதீர்கள். கிழக்கே செடூனா ஊரில், பயிர்ப்பூச்சிகள் பரவாமல் தடுக்கும் சோதனைச் சாவடியில் அவற்றைப் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

துணை வாகனம் குழுவின் பின்னால் ஊர்ந்து வருவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் நீண்ட சரக்கு வண்டிக்கு, நத்தை வேகத்தில் செல்லும் கார் எதிர்பாராத தடையாகும். அது 30 கி.மீ. முன்னால் சென்று, சாலையை விட்டு நன்றாக விலகி நின்று, தண்ணீரோடு காத்திருக்கட்டும். சரக்கு ஓட்டுநர்கள் பயன்படுத்தும் யு.எச்.எஃப். கம்பியில்லாப் பேச்சுக் கருவியின் 40ஆம் அலைவரிசையில், எட்டு சைக்கிள்கள் எந்த இடத்தில் வருகின்றன என்று அவ்வப்போது அறிவிப்பதும் அந்த வாகனத்தில் இருப்பவரின் பொறுப்பு.

ஓட்டும் அணியை நான்கு நான்கு பேராகப் பிரித்து, இரு அணிகளுக்கும் நடுவே சில நூறு மீட்டர் இடைவெளி விடுங்கள். முந்திச் செல்லும் வண்டி இடையில் ஒதுங்க இடம் கிடைக்கும். சட்டப்படி இருவர் அருகருகே செல்லலாம் என்றாலும், பின்னால் வண்டி தெரிந்ததும் ஒற்றை வரிசையாகிவிட வேண்டும். போக்குவரத்து வலப்புறம் கடப்பதால், கடைசியில் வருபவரின் கைப்பிடியில் வலப்பக்கக் கண்ணாடி கட்டாயம். அவர் குரல் கொடுப்பார். மற்றவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. எதிரெதிரே வரும் இரண்டு சரக்கு வண்டிகள் உங்களுக்கு நேரே சந்திக்கப் போகின்றன என்று தெரிந்தால், தயங்காமல் சரளைக்கு இறங்கி நின்றுவிடுங்கள். அங்கே கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

முன்னால் செல்பவரின் மறைவில் ஓட்டினால் உழைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. காற்றில்லாத நேரத்தில் ஐந்து நிமிடமும் எதிர்காற்றில் இரண்டு நிமிடமும் ஒருவர் முன்னணியில் இருந்தால் போதும். முன்னால் வந்தவுடன் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுவதே குழுவைக் குலைக்கும் வழக்கமான தவறு. அதன் விலையை நூறாவது கி.மீ.க்குப் பிறகு கடைசி ஆள் கொடுப்பார். களைத்தவர் தம் முறையை விட்டுக்கொடுத்துப் பின்னாலேயே வரலாம் என்பதைக் காலையிலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் அவர் கூச்சத்தால் அதைக் கேட்க மாட்டார்.

பக்கக் காற்றில் மறைவு நேர் பின்னால் கிடைக்காது, காற்று போகும் பக்கமாகச் சாய்ந்திருக்கும். கிழக்கே போகும் குழுவுக்குத் தெற்குக் காற்று வலமிருந்து வருகிறது. முன்னவர் சற்று வலப்பக்கம் ஓட்ட, மற்றவர்கள் இடப்பக்கமாகச் சாய்ந்து வரிசை அமைக்கலாம். வடக்குக் காற்றிலோ வரிசை வலப்பக்கமாக, அதாவது சாலையின் நடுவை நோக்கி விரியும்; அப்போது சாய்வு வரிசையைக் கைவிட்டு, ஓரமாக ஒற்றை வரிசையில் மெதுவாகச் செல்வதே சரி. சரக்கு வண்டி கடக்கும் கணத்தில் பக்கக் காற்று சட்டென்று நின்று மீண்டும் அறையும். கைப்பிடியை உறுதியாக, ஆனால் முழங்கையை விறைப்பாக்காமல் பிடியுங்கள்.

நேர்சாலையின் உண்மையான ஆபத்து சலிப்பு. திருப்பமோ ஏற்றமோ இல்லாததால் உடல் ஒரே நிலையில் உறைந்து, கை மரத்து, கண் முன்சக்கரத்திலேயே குத்தி நிற்கும். முன்னவரின் தோளுக்கு மேலாகத் தொலைவைப் பாருங்கள். கால் மணிக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நின்று அரை நிமிடம் ஓட்டுங்கள். 30 கி.மீ.க்கு ஒரு முறை பத்து நிமிடமும், 90ஆவது கி.மீ.யில் அரை மணியும் நில்லுங்கள். அதற்கு மேல் உட்கார்ந்தால் கால்கள் இறுகிவிடும்.

பஞ்சருக்கு இங்கே முதன்மைக் காரணம், வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறிக் கிடக்கும் மெல்லிய எஃகுக் கம்பிகள். புது ட்யூபை மாட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் முழுச் சுற்று தடவிப் பாருங்கள். துணி சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும், அதை இடுக்கியால் பிடுங்க வேண்டும். இருவர் பழுது பார்க்க, மற்றவர்கள் சாலையை விட்டு விலகி நின்று தண்ணீர் குடிக்கட்டும்.

நெடுந்தொலைவுக்குக் கைபேசி எடுக்காது என்பதால், செயற்கைக்கோள் வழியே உதவி கோரும் கருவி இரண்டு அணிகளிலும் ஒவ்வொன்று இருக்க வேண்டும். சாலையின் சில பகுதிகளில் விமான ஓடுபாதைக் குறியீடுகளைக் காண்பீர்கள். அவை ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் என்ற வான்வழி மருத்துவ சேவையின் விமானங்கள் அவசரத்தில் இறங்குவதற்கானவை. அங்கே சாலையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

கைகூனாவுக்கு 5 கி.மீ. முன்னால், நிலத்தடிக் குகைக் காற்று வெளியேறும் துவாரம் ஒன்று உண்டு. பொழுது இருந்தால் இறங்கிப் பார்க்கலாம். கைகூனாவில் அறைகளை முன்பதிவு செய்திருப்பது நல்லது. அவ்வூரைத் தாண்டியதும் கடிகாரத்தை 45 நிமிடம் முன்னே நகர்த்தி வைக்க வேண்டும். மறுநாள் அடுத்த தங்குமிடமான காக்கிள்பிடிக்கு 65 கி.மீ. மட்டுமே என்பதால், சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுவதைக் காலைக்கு விட்டுவிடலாம்.