வீட்டுக் கல்வியில் கணக்கு: கையில் தொடங்கி நோட்டுக்கு வருவது எப்படி?

குழந்தையை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் பலர் மொழிப்பாடத்தைத் தைரியமாகத் தொடங்கிவிடுகிறார்கள். கணக்கு என்று வந்தால்தான் தயக்கம். "எனக்கே கணக்கு வராது, நான் எப்படிச் சொல்லித் தருவது?" என்று கேட்கிறார்கள். தொடக்க வகுப்புக் கணக்குக்குப் பெரிய கணித அறிவு வேண்டாம். குழந்தை என்ன யோசிக்கிறது என்று பொறுமையாகக் கேட்கத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. வீட்டில் வகுப்பின் வேகத்துக்கு ஓட வேண்டியதும் இல்லை. ஒரு விஷயம் பிடிபட மூன்று வாரம் ஆகுமென்றால் ஆகட்டும். அந்த வசதியை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளத்தான் இந்தப் பதிவு. 5 முதல் 11 வயது வரை உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: குழந்தை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பாடப் புத்தகம், பேனா எதுவும் வேண்டாம். ஒரு கை நிறையக் கூழாங்கல்லோ பட்டனோ எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். 17 எண்ணி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் இன்னும் 3 சேர்த்து, "இப்போ எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுகிறதா, இல்லை 17-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு 18, 19, 20 என்று தொடர்கிறதா? அடுத்து, 10 கல்லில் சிலவற்றை உள்ளங்கையில் மறைத்து, வெளியே 6 மட்டும் காட்டுங்கள். கைக்குள் 4 இருக்கிறது என்று எண்ணாமலே சொல்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக 34 என்று எழுதி, அதில் உள்ள 3 எத்தனையைக் குறிக்கிறது என்று கல்லை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்றே மூன்று கல்லை எடுத்து வைத்தால் இடமதிப்பு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். நோட்டில் பெரிய கூட்டல்களைச் சரியாகப் போடும் குழந்தைகள்கூட இந்த இடத்தில் தடுமாறுவதுண்டு. வயதுக்கு ஏற்ற பாடம் எது என்று தேடுவதைவிட, தடுமாறிய இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. இது பரீட்சை இல்லை. தவறாகச் சொன்னாலும் முகம் மாறாமல் இருங்கள்.

படி 2: ஒரு பெட்டி தயார் செய்யுங்கள்

நூறு குச்சிகள், கொஞ்சம் ரப்பர் பேண்ட், இரண்டு பகடை, ஒரு சீட்டுக்கட்டு, கட்டம் போட்ட நோட்டு, ஒரு அளவுநாடா. இவ்வளவு போதும். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமலே ஐந்தாம் வகுப்புவரை போகலாம்.

படி 3: முதலில் கை, அப்புறம் படம், கடைசியில் எண்

குழந்தைகள் ஒரு கருத்தை முதலில் செய்து பார்த்தும், பிறகு படமாகவும், பிறகு குறியீடாகவும் உள்வாங்குகிறார்கள் என்று 1960-களில் உளவியலாளர் ஜெரோம் புரூனர் எழுதினார். சிங்கப்பூர் 1980-களில் தன் தொடக்கக் கணிதப் பாடத்தை இந்த வரிசையில்தான் அமைத்தது. வீட்டில் இதைச் செய்வது இன்னும் சுலபம்.

52 − 27 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, 5 கட்டும் 2 உதிரியும் வையுங்கள். "இதிலிருந்து 27 எடு" என்று மட்டும் சொல்லுங்கள். குழந்தை பெரும்பாலும் 2 கட்டுகளை எடுத்துவிடும். இன்னும் 7 எடுக்க வேண்டும், உதிரியோ இரண்டுதான் இருக்கிறது. இங்கே நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு நிமிடம் ஆகலாம், ஐந்து நிமிடமும் ஆகலாம். ஒரு கட்டைப் பிரிக்கலாமா என்று அதுவே கேட்கும்வரை காத்திருங்கள். பிரித்தால் 2 கட்டு, 12 உதிரி. ஏழை எடுத்தால் மிச்சம் 25.

இப்படிச் சில நாள் விளையாடிய பிறகு குச்சிக்குப் பதில் படம்: கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. அதுவும் சரளமானபின் எண்களை மேலும் கீழுமாக எழுதுங்கள். 5-ஐ அடித்து 4 ஆக்கி, 2-ஐ 12 ஆக்கும்போது, "பக்கத்தில் கடன் வாங்கு" என்று நாம் மனப்பாடமாகக் கற்றது என்னவென்று குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வாங்கியது ஒரு கட்டு, அதாவது பத்து. எழுதும்போது ஒன்றின் இடத்திலிருந்து தொடங்குகிறோம், குச்சியில் பத்திலிருந்து தொடங்கினோமே என்று கேட்டால், இரண்டு வழியும் சரி என்று சொல்லுங்கள்.

எண்ணில் எழுதும்போது சிக்கினால், திட்டாமல், விளக்கத்தை நீட்டாமல், ஒரு படி கீழே இறங்கிப் படத்துக்குப் போங்கள். அங்கேயும் சிக்கினால் குச்சிக்கு. பின்னத்துக்கும் இதே வரிசைதான்: தாளை மடிப்பது, கட்டம் வரைவது, பிறகே எண்.

படி 4: விடையைவிட வழியைக் கேளுங்கள்

தினமும் ஒரே ஒரு மனக்கணக்கு கொடுங்கள். 38 + 47 என்று வைத்துக்கொள்வோம். விடை சொன்னதும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். ஒரு குழந்தை 30-ம் 40-ம் 70, 8-ம் 7-ம் 15, ஆக 85 என்னும். இன்னொன்று 38-ஐ 40 ஆக்கி 87 வரவழைத்து, அதிலிருந்து 2 கழிக்கும். நீங்கள் போட்ட வழி வேறாக இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முக்கியமான விஷயம்: சரியான விடைக்கும் இதே கேள்வியை இதே குரலில் கேட்க வேண்டும். தவறாகச் சொன்னால் மட்டும் "எப்படி?" என்று கேட்டால், அந்தச் சொல்லைக் கேட்டதுமே குழந்தை விடையை மாற்றத் தொடங்கிவிடும்.

தவறான விடை வந்தால் திருத்த அவசரப்படாதீர்கள். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டி 2/5 என்று எழுதுவது உலகமெங்கும் குழந்தைகள் செய்வது. "சரி, 2/5 அரையைவிடப் பெரிசா, சின்னதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தில் பாதி இரண்டரை, ஆகவே 2/5 அரையைவிடச் சிறியது. அரையோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால் அரையைவிடக் குறையுமா? அந்தக் குழப்பம் முகத்தில் தெரியும்போது தாளை எடுத்து ஆறு பாகமாக மடிக்கலாம். அரை என்பது 3 பாகம், மூன்றில் ஒன்று 2 பாகம், மொத்தம் 5/6.

படி 5: வாய்ப்பாட்டைச் சுருக்குங்கள்

பத்து வரை வாய்ப்பாட்டில் 100 பெருக்கல்கள். மலைப்பாகத்தான் இருக்கும். கட்ட நோட்டில் 3-க்கு 7 என்று ஒரு செவ்வகம் வரைந்து, நோட்டைத் திருப்பிக் காட்டுங்கள். 7-க்கு 3 ஆகிவிட்டது, கட்டங்கள் அதே 21. இந்த ஒரு திருப்பலிலேயே 100 என்பது 55 ஆகிவிடும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றின் வாய்ப்பாடுகள் எளிது. அவற்றை எடுத்துவிட்டால் 21 மிச்சம். ஒன்பதைப் பத்திலிருந்து பிடிக்கலாம்: 9 × 7 என்பது 70-இல் 7 குறைவு. நான்கு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு. இவையும் போனால் பாக்கி 10 தான்: 3×3, 3×6, 3×7, 3×8, 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8. இந்தப் பத்தையும் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றிரண்டு பாருங்கள். மனப்பாடம் வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் மறந்தால் திரும்பக் கண்டுபிடிக்கும் வழி தெரிந்த பிறகே மனப்பாடம்.

படி 6: விளையாட்டுக்கு இடம் கொடுங்கள்

பகடை ஆட்டம் ஒன்று. உங்கள் முறையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் உருட்டிக் கூட்டிக்கொண்டே போகலாம். 1 விழுந்தால் அந்த முறையில் சேர்த்தது எல்லாம் போச்சு. முதலில் 100 தொடுபவர் வெற்றி. கூட்டலோடு, எப்போது நிறுத்துவது என்ற நிகழ்தகவும் சேர்ந்து வரும்.

இன்னொன்று, 21 கல் ஆட்டம். மாறி மாறி 1, 2 அல்லது 3 கல் எடுக்க வேண்டும். கடைசிக் கல்லை எடுப்பவர் வெற்றி. எதிராளிக்கு எப்போதும் நான்கின் மடங்கை விட்டு வைப்பவர் தோற்கமாட்டார். இதைக் குழந்தையிடம் சொல்லிவிடாதீர்கள்! அது தானே கண்டுபிடித்து உங்களைத் தோற்கடிக்கட்டும்.

படி 7: விடை தெரியாத கேள்விகளைக் காட்டுங்கள்

ஏதாவது ஓர் எண்ணை எடுங்கள். இரட்டைப்படை என்றால் பாதியாக்குங்கள். ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி 1 கூட்டுங்கள். 6-இல் தொடங்கினால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1. எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1-க்கு வந்து சேருமா? லோதர் கொலாட்ஸ் என்ற கணிதவியலாளரின் பெயரால், 1937-ஐ ஒட்டி எழுந்ததாகச் சொல்லப்படும் கேள்வி இது. இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 27-இல் தொடங்கினால் 1-ஐத் தொட 111 படிகள் ஆகும், பெரிய தாளாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கும் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது என்பதே பல குழந்தைகளுக்குப் புது உற்சாகம் தரும். கூட்டல், பெருக்கல், பாதியாக்கல் மூன்றுக்கும் நல்ல பயிற்சி கிடைப்பது கூடுதல் லாபம்.

படி 8: நேரமும் குறிப்பேடும்

சிறியவர்களுக்கு ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். பத்து வயதில் அரைமணி, முக்கால்மணி. முப்பது கணக்கு போடவைப்பதைவிட, இன்று படித்ததில் நான்கு, போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று என்று கலந்து கொடுங்கள், பழையது மறக்காது. அழுகை வரும் நாளில் நோட்டை மூடிவிட்டு, மறுநாள் நன்றாகத் தெரிந்த கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

நீங்கள் ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, செய்தது, குழந்தை சொன்ன வழி, சிக்கிய இடம், நாலு வரி போதும். அடுத்த வாரம் என்ன செய்வது என்று அதிலிருந்தே தெரியும். வீட்டுக் கல்விக்குப் பதிவேடு கேட்கும் நாடுகளில் இருந்தால் அதற்கும் இதே நோட்டு உதவும், குழந்தை வரைந்த கட்டுகளையும் கோடுகளையும் அதிலேயே ஒட்டி வையுங்கள்.