தரைக்கு அடியில் புதைந்துபோகும் தவறுகள்

தம் வீட்டுத் தரைக்குத் தாமே சூடேற்றும் அமைப்பைப் பொருத்தத் துணிந்த நான்கைந்து பேரின் வேலையை அண்மையில் அருகிலிருந்து பார்த்தேன். வீடுகள் வேறு, வாங்கிய பொருள்கள் வேறு, ஆனால் செய்த தவறுகள் அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருந்தன. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அவற்றில் பெரும்பாலானவற்றை நானே செய்திருப்பதால், அவர்களைக் கடிந்துகொள்ளவும் எனக்கு வாய் வரவில்லை. குழாயை மிதித்து நசுக்கக் கூடாது, மின் இணைப்பைத் துண்டித்த பிறகே கம்பியைத் தொட வேண்டும் என்பன போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எவருக்கும் தெரியும். செய்த அன்று கண்ணில் படாமல், தரையை மூடிய பிறகு தலைகாட்டும் தவறுகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். சுவரில் மாட்டிய ரேடியேட்டர் பழுதானால் கழற்றிவிடலாம். தரைக்குள் புதைத்ததைக் கடப்பாரை இல்லாமல் தொட முடியாது.

சுடுநீர் ஓடும் குழாய்களைக் கொண்ட அமைப்பு, மின் கேபிளால் சூடாகும் அமைப்பு என இரண்டு வகைகள் உண்டு. கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி முதல் வகைக்கும், சில இரண்டாவது வகைக்கும் உரியவை.

கலவைத் தளத்தைச் சூடாக்கிக் காயவைப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். குழாய்களைப் பரப்பி, அவற்றின்மேல் ஸ்கிரீட் எனப்படும் சிமெண்ட், மணல் கலவையை ஊற்றிய சில நாட்களில், தளம் வெளிறி, கையால் தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றும். அடியிலேயே சூடேற்றும் குழாய் தயாராக இருக்கிறதே, அதைத் திறந்துவிட்டால் மீதி ஈரமும் விரைவில் போய்விடுமே என்ற எண்ணம் அடுத்த கணமே வரும். ஏறத்தாழ எல்லோருக்கும் வருகிறது. "தொட்டுப் பார்த்தேன், காய்ந்துவிட்டது" என்று அவர்கள் சொல்லும்போது, அதே சொற்களை நான் ஒருவரிடம் சொன்ன நாள் நினைவுக்கு வரும்.

அந்த வீட்டுக்காரர் குடிபுகும் நாளைக் குறித்துவிட்டிருந்தார். கலவை ஊற்றி ஆறு நாட்களே ஆகியிருந்தன. நீரை 45 பாகை செல்சியஸுக்கு வைத்துப் பம்பை ஓடவிட்டேன். இரண்டு நாளில் தளம் எலும்பு போல வெளுத்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் நாள் மூலையில் தட்டிப் பார்த்தபோது வெற்றுப் பானையின் ஒலி வந்தது. ஓரங்கள் மேல்நோக்கி வளைந்து, அடியிலிருந்த காப்புப் பலகையை விட்டு எழும்பியிருந்தன. அறையின் குறுக்கே நூல் போல இரண்டு விரிசல்கள் ஓடின. விரிசலை நிரப்பி அதன்மேல் டைல் பதித்தது இரண்டாவது மடத்தனம். அடுத்த குளிர்காலத்துக்குள் டைல்கள் வரிசையாகப் பெயர்ந்தன. தளத்தை உடைத்தபோது குழாயும் வெட்டுப்பட்டது. ஆக, காப்புப் பலகையிலிருந்து மேலே வரை எல்லாவற்றையும் என் செலவில் மறுபடி செய்து கொடுத்தேன்.

நடந்ததற்குக் காரணம் எளிது. சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை; நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. கட்டட வேலையில் புதிய காரைக்குத் தண்ணீர் தெளித்துக் கியூரிங் செய்வது இதற்காகத்தான். அந்த நீரை வெப்பத்தால் முன்கூட்டியே விரட்டினால் சிமெண்ட் பாதி வேலையில் நின்றுவிடும். தளம் வலுவில்லாமல் போகும். அதோடு மேற்பரப்பு அடிப்பகுதியைவிட வேகமாக ஈரத்தை இழந்து சுருங்குவதால் ஓரங்கள் வளைகின்றன. இறுகுவதும் காய்வதும் அடுத்தடுத்து வரும் இரண்டு கட்டங்கள் என்பதையும், முதலாவது முடியாமல் இரண்டாவதைத் தொடங்கக் கூடாது என்பதையும் எத்தனை முறை சொன்னாலும், அவசரத்தில் இருப்பவரின் காதில் அது ஏறுவதில்லை.

ஈ.என். 1264 என்னும் ஐரோப்பியத் தரநிலை இதற்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது. சிமெண்ட் கலவைத் தளமானால் ஊற்றி 21 நாட்களுக்குப் பிறகும், கால்சியம் சல்பேட் கலவைத் தளமானால் 7 நாட்களுக்குப் பிறகும்தான் முதல் சூட்டைக் கொடுக்கலாம். அதுவும் நீரை 20 முதல் 25 பாகைக்குள் வைத்து மூன்று நாட்களாவது ஓடவிட்ட பிறகே, வடிவமைப்பில் குறித்த உச்ச வெப்பநிலைக்கு ஏற்றி, அங்கே நான்கு நாட்களாவது நிறுத்த வேண்டும். கலவையைத் தயாரித்தவர் இதைவிட நீண்ட காலத்தைக் குறித்திருந்தால் அவர் சொன்னதே செல்லும்.

இந்த முதல் சூடேற்றம் முடிந்துவிட்டதனால் தளம் காய்ந்துவிட்டது என்று பொருளில்லை. சூட்டின் உதவியின்றித் தானே காயும் சிமெண்ட் தளத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: காற்றோட்டமும் மிதமான வெப்பமும் உள்ள அறையில் முதல் 40 மில்லிமீட்டர் கனம் நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் காயும், அதற்கு மேற்பட்ட கனம் அதில் பாதி வேகத்தில்தான் காயும். 65 மில்லிமீட்டர் தளத்துக்கு 40 நாட்களோடு இன்னும் 50 நாட்கள் சேர, மூன்று மாதம் ஆகிறது. முறைப்படி, படிப்படியாகக் கொடுக்கும் சூடு இந்தக் காலத்தைக் குறைக்கும். ஆனால் எவ்வளவு குறைத்தது என்பதை அளந்துதான் அறிய வேண்டும், தொட்டு அறிய முடியாது.

அளப்பதற்குக் கார்பைடு சோதனையே நம்பத் தகுந்தது. தளத்தின் ஆழத்திலிருந்து சிறிது பெயர்த்துப் பொடியாக்கி, கால்சியம் கார்பைடோடு சேர்த்து இறுக மூடிய குப்பியில் குலுக்கினால், ஈரத்துக்கேற்ப அசிட்டிலின் வாயு உண்டாகி அழுத்தமானியின் முள்ளை ஏற்றும். சூடேற்றும் சிமெண்ட் தளத்தின்மேல் மரத்தரை பதிக்க, இந்த அளவு 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. கால்சியம் சல்பேட் தளத்துக்கு வரம்பு அதைவிட மிகக் குறைவு. பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஒட்டி, மறுநாள் வியர்த்திருக்கிறதா என்று பார்க்கும் எளிய வழியும் பழக்கத்தில் உள்ளது. வியர்த்திருந்தால் ஈரம் உண்டு என்பது உறுதி. வியர்க்காவிட்டால் எதுவும் உறுதியில்லை.

மாதிரி எடுக்கும் இடத்தைக் கலவை ஊற்றும் முன்பே குறித்து வைக்க வேண்டும். குழாய் இல்லாத இரண்டு மூன்று இடங்களில் சிறு குச்சிகளை நட்டு அடையாளம் செய்தால் போதும். இதை விட்டுவிட்டு, ஈரம் அளக்கப் போன உளியால் குழாயையே துளைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் தளத்தை 30 நாள் பொறுமையாகக் காத்தவர்.

டைல் பதிக்கும்போது சூட்டை நிறுத்தியிருக்க வேண்டும். பதித்த பிறகும் பசை முழுவதும் இறுகும் வரை, உற்பத்தியாளர் குறித்த நாட்கள் கழியட்டும். தரை விரிந்து சுருங்கும் என்பதால் நெகிழும் தன்மையுள்ள பசையையே வாங்க வேண்டும்.

அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கலவை ஊற்றுவது

குழாய்களைப் பரப்பியதும் நீரை நிரப்பி 4 முதல் 6 பார் அழுத்தத்தில் கசிவு உண்டா என்று பார்ப்பதைப் பலரும் ஒழுங்காகச் செய்கிறார்கள். முள் அசையவில்லை என்றதும் மகிழ்ச்சியில் அழுத்தத்தை இறக்கிவிடுகிறார்கள். உண்மையில் குழாய்க்கு ஆபத்து தொடங்குவதே அதற்குப் பிறகுதான்: தள்ளுவண்டி ஏறும், மண்வெட்டியின் முனை படும், வலையைக் கட்டிய கம்பி குத்தும். கலவை ஊற்றி முடியும் வரை அழுத்தம் அப்படியே இருந்தால், குத்துப்பட்ட அந்த நிமிடமே முள் விழுந்து காட்டிக்கொடுக்கும். நனைந்த கலவையைக் கையால் அள்ளி அந்த ஓரிடத்தைச் சரிசெய்துவிடலாம். நீர் உறையும் அளவுக்குக் குளிர் இருந்தால் உறைதடுப்பு கலந்தே சோதிக்க வேண்டும்.

சுற்றின் நீளம்

16 மில்லிமீட்டர் குழாயில் ஒரு சுற்று, அதாவது நீர் புறப்பட்டுத் தரையைச் சுற்றித் திரும்பிவரும் ஒரே நீளக் குழாய், 100 மீட்டரைத் தாண்ட வேண்டாம். தரைக்குள் இணைப்பு வேண்டவே வேண்டாம்.

ஓரப் பட்டையை முன்கூட்டியே வெட்டுவது

சுவரை ஒட்டி வைக்கும் நுரைப் பட்டை, தளம் விரிவதற்குக் குறைந்தது 5 மில்லிமீட்டர் இடம் தருவதற்காக இருக்கிறது. துருத்திக்கொண்டு நிற்பது அழகாக இல்லை என்று டைல் பதிக்கும் முன்பே அதை வெட்டிவிடுவதால், டைல் பசையும் இடைவெளிக் காரையும் அந்தச் சந்துக்குள் இறங்கி இறுகி, தளம் சுவரோடு முட்டுகிறது. மேல்தரை முழுவதும் முடிந்த பிறகே வெட்ட வேண்டும். விரிவிடைவெளியைக் குழாய் கடந்தே தீர வேண்டும் என்றால், அந்த இடத்தில் மட்டும் ஒரு காப்புக் குழாய்க்குள் அதைச் செலுத்த வேண்டும்.

சென்சாரை நேராகப் புதைப்பது

மின் கேபிள் அமைப்பில், தரையின் வெப்பத்தை அறியும் சென்சார் எல்லாவற்றுக்கும் முன்பாகப் பழுதாகக் கூடிய உறுப்பு. அதைக் கலவைக்குள் நேராகப் புதைத்தால், ஒரு சிறு உறுப்புக்காகத் தரையை உடைக்க நேரும். முனை அடைத்த சிறு குழாய்க்குள் அதை நுழைத்து, இரண்டு கேபிள் வரிசைகளுக்கு நடுவில் வைத்தால், பழுதானபோது உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். கேபிளின் மின்தடையை, பொட்டலத்தைப் பிரித்தவுடன், பரப்பியபின், மூடியபின் என மூன்று முறை அளந்து எழுதிவைக்க வேண்டும். கேபிளோடு வரும் சீட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாத கேபிளை மூடக் கூடாது. காப்புறையின் தரத்தை, அதன் மின்தடையை அளக்கும் மெக்கர் கருவியால் தனியே சோதிக்க வேண்டும். 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பி இல்லாத இணைப்பில் இதைச் சேர்க்கவே கூடாது.

கேபிள் மிஞ்சினால்

வெட்டாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாகவும் போடாதீர்கள். அளந்து வாங்குங்கள்.

ரேடியேட்டர் போல நடத்துவது

பொருத்திய பின் செய்யும் தவறுகளில் இதுவே அதிகம். குளிர்கிறது என்று தெர்மோஸ்டாட்டைத் திருகி ஏற்றினால், கனமான தளம் சூடாகப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சூடானபின் இறங்கவும் அவ்வளவு நேரம் ஆகும். ஆகவே இரவில் முழுவதும் நிறுத்திக் காலையில் தொடங்குவதைவிட, இரண்டு பாகை மட்டும் தாழ்த்தி வைப்பது நல்லது. நீரின் வெப்பநிலையை ஏற்றிவிடும் ஆசையும் எழும். ஆனால் மேற்பரப்பு, மக்கள் நடமாடும் இடங்களில் 29 பாகையையும், வெளிச்சுவர் ஓரத்தில் 35 பாகையையும் தாண்டக் கூடாது. மரத்தரைக்கு 27 பாகையே பொதுவான உச்ச வரம்பு. 70 பாகையில் நீரைக் கொடுக்கும் கொதிகலனோடு இணைத்திருந்தால், அந்நீரோடு குளிர்ந்து திரும்பும் நீரைக் கலந்து தணிக்கும் கலப்பு வால்வும் அதிவெப்பத்தைத் துண்டிக்கும் கட்டுப்பாடும் கட்டாயம் இருக்க வேண்டும்.

மேனிஃபோல்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருகுவது

ஓர் அறை குளிராக இருந்தால், எல்லாச் சுற்றுகளுக்கும் நீரைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் உள்ள ஓட்டமானிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திருகித் தொடக்க நிலையை மறந்துவிடுவோர் பலர். ஒன்றைத் திருகினால் மற்றவற்றின் ஓட்டமும் மாறும். இருந்த அளவுகளை எழுதிக்கொண்டு, ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு முழு நாள் காத்திருந்து பார்க்க வேண்டும். அதற்கும் முன்பு காற்று அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்: மற்றச் சுற்றுகளை மூடி, ஒவ்வொன்றாக நீரைச் செலுத்திக் குமிழ் நிற்கும் வரை கழுவ வேண்டும். கோடைக்குப் பிறகு ஒரு சுற்று மட்டும் சூடாகவில்லை என்றால், வால்வின் சிறு ஊசி ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். மேலுள்ள தலையைக் கழற்றி, ஊசியை மெதுவாக அழுத்தி விடுவித்தால் போதும். பயன்படுத்தாத மாதங்களிலும் பம்பையும் வால்வுகளையும் அவ்வப்போது சில நிமிடங்கள் இயக்கிவந்தால் இந்த நிலை வராது.

அழுத்தம் குறையும்போதெல்லாம் புதுநீர் சேர்ப்பது

இது கசிவை மறைக்கும். ஆக்சிஜனையும் உள்ளே கொண்டுவந்து, இரும்புப் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்து, கருஞ்சேற்றை உருவாக்கும். ஆக்சிஜன் தடுப்புப் படலம் உள்ள குழாயும், துரு தடுக்கும் மருந்தும், ஆண்டுக்கொருமுறை துப்புரவு செய்யப்படும் வடிகட்டியும் தேவை.

கால் இல்லாத மரச்சாமான்

தரையோடு ஒட்டிய கட்டில், மெத்தை, தடித்த கம்பளம் ஆகியவை சூட்டை அடைத்துவிடும். மின் கேபிளுக்கு இது ஆபத்து.

படம் எடுக்காமல் மூடுவது

கலவை ஊற்றும் முன், சுவரோரம் அளவு நாடாவை விரித்து ஒவ்வோர் அறையையும் படம் பிடித்து வையுங்கள். வாசற்படிகளில்தான் குழாய்கள் நெருங்கி ஓடும், அங்கேதான் கதவு நிறுத்தியைத் துளையிட்டுப் பொருத்துவார்கள். குழாய் துளைபட்டதாக என்னை அழைத்த வீடுகளில் பாதிக்கு மேல் அந்த ஓரடி அகலத்துக்குள் நிகழ்ந்தவை. படம் இல்லாத வீட்டில், தரை நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது சூட்டைத் திறந்து, அது மேலே வரத் தொடங்கும் முதல் கட்டத்திலேயே வெப்பக் கேமராவால் பாருங்கள். குழாய்களின் கோடுகள் தெளிவாகத் தெரியும். காத்திருந்தால் சூடு பரவித் தரை முழுவதும் ஒரே நிறமாகிவிடும்.