கோரூட்டீன் மெமரி லீக்: ஃப்ரேம் முடிந்ததா, இன்னும் காத்திருக்கிறதா?

பெருங்குடியில் எங்கள் குழு பராமரிக்கும் நெட்வொர்க் சர்வர் ஒன்றில், நாள் போகப் போக மெமரி ஏறிக்கொண்டே இருந்தது. சி ப்ளஸ் ப்ளஸ் 20 கோரூட்டீன்களால், அதாவது நடுவில் நின்று பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய ஃபங்ஷன்களால் எழுதியது. அப்படி நிற்கும்போது அதன் நிலையைச் சேமித்து வைக்கும் மெமரித் துண்டுதான் ஃப்ரேம். விடுவிக்காத மெமரியைக் காட்டித்தரும் லீக் சானிட்டைசர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கடைசியில் லீக்கைக் கண்டுபிடித்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

ஜிசிசி அல்லது க்ளாங் கம்பைலர், கூடவே ஜிடிபி டீபக்கரும் போதும். டீபக் பில்டில் ஆப்டிமைசேஷனை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கம்பைலர் சில ஃப்ரேம்களை ஹீப்பில் ஒதுக்காமலே விடக்கூடும், கணக்கு குழம்பும்.

1. எண்ணுங்கள். ப்ராமிஸ் டைப்புக்குள் (கோரூட்டீன் எப்படி நடக்க வேண்டும் என்று நீங்கள் எழுதும் கிளாஸ்) நியூ, டெலீட் ஆபரேட்டர்களை நீங்களே எழுதிவிட்டால் ஃப்ரேம்கள் அவற்றின் வழியாகத்தான் போய்வரும். நியூவில் முகவரியை ஒரு செட்டில் போடுங்கள், டெலீட்டில் எடுத்துவிடுங்கள். லோடு கொடுத்து, நிறுத்தி, சற்றுப் பொறுத்துப் பாருங்கள். மிஞ்சி நிற்பவைதான் நமக்கு வேண்டியவை. இதற்கு வால்கிரைண்ட் என்ற மெமரி சோதனைக் கருவியை நான் எடுப்பதில்லை. அதில் ஓட்டினால் சர்வர் மிகவும் மெதுவாகி, நிஜமான நெரிசலே உருவாகாது.

2. சானிட்டைசரின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த பாயின்டரும் எட்டாத மெமரியைத்தான் அது லீக் என்கிறது. வராத நிகழ்வுக்காகக் காத்திருக்கும் கோரூட்டீனின் ஹேண்டில் (ஃப்ரேமைச் சுட்டும் பாயின்டர்), நிகழ்வுகளைக் கவனித்துக் கோரூட்டீன்களை எழுப்பும் ஈவென்ட் லூப்பின் பட்டியலில் பத்திரமாக இருக்கும். அதனால் அது கணக்கில் வராது.

3. ஃப்ரேமின் தலையைப் பாருங்கள். அதிக நேரம் தின்ற இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். ஜிசிசி, க்ளாங் இரண்டிலும் ஃப்ரேமின் தொடக்கத்தில் இரண்டு ஃபங்ஷன் பாயின்டர்கள் இருக்கும்: முதலாவது ரெஸ்யூம் (தொடர வைப்பது), அடுத்தது டெஸ்ட்ராய் (ஃப்ரேமை அழிப்பது). செட்டில் மிஞ்சிய முகவரியை ஜிடிபியில் திறந்து முதல் பாயின்டரைப் பாருங்கள்.

பூஜ்யமாக இருந்தால், கோரூட்டீன் தன் கடைசி நிறுத்தமான ஃபைனல் சஸ்பெண்டை எட்டி வேலையை முடித்துவிட்டது, யாரும் டெஸ்ட்ராய் அழைக்கவில்லை. கோரூட்டீன் ஹேண்டிலுக்கு ஃப்ரேம் மேல் உரிமை எதுவும் கிடையாது, அது போனாலும் ஃப்ரேம் அழியாது. கபாலீஸ்வரர் கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரி அது. டோக்கன் தொலைந்தாலும் செருப்பு அங்கேயேதான் கிடக்கும். ஹேண்டிலை ஒரு டாஸ்க் கிளாஸில் வைத்து, அதன் டெஸ்ட்ரக்டரில் டெஸ்ட்ராய் அழையுங்கள். காப்பியைத் தடை செய்யுங்கள், மூவ் செய்யும்போது பழைய ஹேண்டிலை வெறுமையாக (நல் பாயின்டராக) ஆக்குங்கள்.

பூஜ்யம் இல்லையென்றால் அது இன்னும் காத்திருக்கிறது. 'இன்ஃபோ சிம்பல்' கட்டளைக்கு அந்த பாயின்டரைக் கொடுத்தால் எந்த ஃபங்ஷன் என்று பெயரோடு வரும். எங்களுக்கு வந்தது சாக்கெட்டிலிருந்து படிக்கும் ஃபங்ஷன். எதிர்முனையில் போன் சிக்னல் இழந்து சொல்லாமல் மறைந்தால், டிசிபிக்கு அது தெரியாது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் தானாக இயங்காது. இயக்கினாலும் லினக்ஸில் முதல் சோதனைக்கு இயல்பாக 7200 விநாடி ஆகும். ஆகவே சாக்கெட்டிலிருந்து படிக்கும் ஒவ்வொரு முறையும் டைம்அவுட் வையுங்கள்.

4. வெளியிலிருந்து அழிக்காதீர்கள். டைம்அவுட் ஆனதும் அந்தக் கோரூட்டீனைப் பிழையோடு ரெஸ்யூம் செய்து, அது தானே முடியட்டும். ஐஓ யூரிங் (படி, எழுது போன்ற கோரிக்கைகளை லினக்ஸ் கெர்னலிடம் வரிசையில் கொடுக்கும் வழி) பயன்படுத்தினால், முதலில் கோரிக்கையை ரத்து செய்து, அது முடிந்ததாகக் கெர்னல் சொன்ன பிறகே ரெஸ்யூம் செய்யுங்கள். கெர்னல் இன்னும் முடிக்காத கோரிக்கையின் பஃபர் ஃப்ரேமுக்குள் இருந்தால், அழித்த மெமரியில் அது எழுதிவிடும்.

பிற்சேர்க்கை: மேலே சொன்ன டாஸ்க் கிளாஸைச் சேர்த்ததும் புரோகிராம் கிராஷ் ஆகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய ஃபைனல் சஸ்பெண்ட் ஃபங்ஷன், 'நிற்காதே' என்று பொருள்படும் சஸ்பெண்ட் நெவரைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. அப்படியானால் முடிந்ததும் ஃப்ரேம் தானாகவே அழியும், டெஸ்ட்ரக்டர் அதை இரண்டாம் முறை அழிக்கும். டாஸ்க் கிளாஸ் வைத்தால், அங்கே நிற்கச் சொல்லும் சஸ்பெண்ட் ஆல்வேஸ்தான் திருப்ப வேண்டும்.