தானாக ஓடும் காருக்குக் காசு கட்டுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீடோர், தாப்பா, லங்காப் பக்கம் புதுக் கார் எடுக்கப் போகிறவர்களில் நிறையப் பேர் இப்போது "இது தானாக ஓடுமாமே?" என்று கேட்கிறார்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன், ஓடாது. மலேசியாவில் ஒரு சாதாரணக் குடும்பம் லோன் போட்டு வாங்கும் எந்தக் காரும் தானாக ஓடாது. மாடலைப் பொறுத்து அதில் மூன்று உதவிகள் இருக்கலாம்: மோதப்போகும் நேரத்தில் தானாகப் பிரேக் பிடிக்கும், முன்னால் போகும் வண்டியின் தூரத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டும் குறைக்கும், கோட்டை விட்டு விலகினால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். இந்த மூன்றில் முதலாவதற்குக் கண்டிப்பாகக் காசு கொடுங்கள். இரண்டாவது, நீங்கள் நெடுஞ்சாலையில் எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்றாவதுக்காக மட்டும் விலை கூடின மாடலுக்குப் போக வேண்டாம்.

மூன்றையும் ஒரே மூட்டையாகப் பார்ப்பதுதான் பலரும் செய்கிற பெரிய தவறு. அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஐஐஎச்எஸ் என்ற ஆய்வுக் கழகம் பல வருடங்களாக இதைப் பார்த்து வருகிறது. தானியங்கி பிரேக் உள்ள கார்கள் முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம் மோதுவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. ஆனால் ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் சேர்த்துக் கவனிக்கும் வசதிகள் விபத்தைக் குறைக்கின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அதே கழகம் 2024-ல் சொன்னது. அந்த வருடமே இப்படிப்பட்ட 14 அமைப்புகளை எடுத்து, ஓட்டுநர் கவனம் சிதறினால் அவை எப்படிப் பிடிக்கின்றன என்று சோதித்தபோது 11 அமைப்புகளுக்கு ஆகக் கீழான மதிப்பீடுதான் கிடைத்தது. அதாவது உங்கள் உயிரைக் காப்பாற்றும் பகுதி விளம்பரத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது, பெரிய எழுத்தில் இருப்பது உங்களுக்குச் சொகுசு மட்டும்தான்.

பெரோடுவா மைவி காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 கடைசியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு மோதலுக்கு முன் எச்சரித்துப் பிரேக் பிடிக்கும் வசதி கீழ் மாடல்களிலும் கிடைத்தது. தூரம் பார்த்து ஓடும் குரூஸும் கோட்டுக்குள் பிடித்து வைக்கும் வசதியும் உச்ச மாடலான ஏவி-யில்தான் வந்தன. அப்படியென்றால் ஏவி வேண்டாமா என்று கேட்டால், அந்த இரண்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஆனால் அதே ஏவி-யில் கண்ணாடியில் தெரியாத பக்கத்தில் வண்டி வந்தால் விளக்குக் காட்டும் வசதியும் வருகிறது, அதற்கு நான் காசு கொடுப்பேன். இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. இடது பக்கம் நுழைந்து வரும் மோட்டாரைக் காட்டுகிற ஒரு சின்ன விளக்கு, ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த தவறு உயிரோடு விளையாடுவது. கார் முன்னால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. இந்தக் குரூஸ் வசதிகள் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பின்தொடரத்தான் நன்றாகப் பழகியிருக்கின்றன. நின்றுகொண்டிருக்கும் வண்டியை, அதுவும் நல்ல வேகத்தில் போகும்போது, அவை விட்டுவிடலாம் என்று கார்க் கையேடுகளே எச்சரிக்கின்றன. ரேடார் வைத்த கார்களில் இதற்கு ஒரு காரணம் உண்டு. சாலையோரப் பலகை, பாலம், இரும்புத் தடுப்பு என்று அசையாத பொருட்கள் வழியெல்லாம் ரேடாரில் படுகின்றன, எல்லாவற்றுக்கும் பிரேக் பிடித்தால் கார் ஓடவே முடியாது, அதனால் அசையாதவற்றில் பலவற்றைக் கணினி ஒதுக்கிவிடுகிறது. டெஸ்லா கார்களில் ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவி வசதி வேலை செய்துகொண்டிருந்தபோது சாலையில் நின்றிருந்த அவசர வண்டிகளில் கார்கள் போய் மோதியதால்தான் 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசு விசாரணையே தொடங்கியது. நம் பக்கத்துக்கு வாருங்கள். பீடோரிலிருந்து தெலுக் இந்தான் போகிற சாலையில் ராத்திரி டயர் வெடித்து, பின்விளக்கு இல்லாமல், பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் செம்பனை லோரியை யோசித்துப் பாருங்கள், குலை ஏற்றிய லோரி என்றால் முள்ளும் காம்பும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் உங்கள் கண்ணும் காலும்தான் வேலை செய்ய வேண்டும். மாடு குறுக்கே வந்தாலும், காட்டுப்பன்றி ஓடினாலும் அப்படியே.

தோட்டத்துச் சாலையில் கோடே கிடையாது என்பதையும் மறந்துவிடுகிறோம். கோடு இல்லாவிட்டால் கோட்டுக்குள் பிடித்து வைக்கும் வசதி சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளும், மீட்டரில் ஒரு சின்னப் படம் நிறம் மாறும், அவ்வளவுதான். அரைகுறையாக அழிந்த கோடு இன்னும் மோசம். எதிரே லோரி வருகிறது என்று நீங்கள் ஓரத்துக்கு ஒதுங்கும்போது, சிக்னல் போடாமல் கோட்டைத் தாண்டுகிறீர்கள் என்று நினைத்து அது ஸ்டீயரிங்கை நடுவுக்கு இழுக்கும். லேசான இழுப்புதான், கை பிடித்திருந்தால் எளிதில் மீறலாம், ஆனால் எதிர்பார்க்காதவர், குறிப்பாக அப்பா அம்மா மாதிரி வயதானவர், பயந்து போவார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் அந்தப் பட்டனை அணைக்கப் பழகுங்கள், வீட்டில் அந்தக் காரை ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பிளஸ் நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. தாப்பாவிலிருந்து கோலாலம்பூருக்கு வாரா வாரம் போய் வருகிறவருக்குத் தூரம் பார்த்து ஓடும் குரூஸ் நிஜமாகவே களைப்பைக் குறைக்கும். பெருநாள் நெரிசலில் கார் முழுவதுமாக நின்று மறுபடி கிளம்புமா, இல்லை குறைந்த வேகத்தில் விட்டுவிடுமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், மாடலுக்கு மாடல் மாறும். கடும் மழையில் கேமரா கண் மங்கினால் அணைந்துவிடும், அந்த நேரம் காலைத் தயாராக வைத்திருங்கள்.

இப்போது பெரிய பணம். 2023-ல் டெஸ்லா மலேசியாவுக்கு வந்தபோது முழுத் தானியங்கி ஓட்டம் என்ற பெயரில் ஒரு மென்பொருளுக்கு 32,000 ரிங்கிட் கேட்டது. அமெரிக்கத் தெருக்களில் அது செய்வதை அன்று இங்கே செய்யாது, பின்னால் வரும் என்ற எதிர்பார்ப்புக்குத்தான் அந்தக் காசு. அமெரிக்காவிலேயே 2024-லிருந்து அதன் பெயரோடு ஓட்டுநர் கண்காணிப்பில் என்று சேர்த்துவிட்டார்கள். இன்னும் வராத ஒன்றுக்கு ஒன்பது வருட லோனில் வட்டி கட்டுவது எந்தக் கணக்கிலும் சரியில்லை, வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஓட்டுநர் கண்ணை எடுக்கச் சட்டம் அனுமதிக்கும் கார் உலகத்தில் இல்லாமல் இல்லை. மெர்சிடிஸின் டிரைவ் பைலட்டுக்கு ஜெர்மனி 2021 டிசம்பரில் அனுமதி கொடுத்தது, ஆனால் அன்று குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், நெரிசலில், மணிக்கு 60 கிலோமீட்டர் வரைதான். வேமோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் டாக்சிகள் ஓட்டுநரே இல்லாமல் ஓடுகின்றன, அதுவும் முன்கூட்டியே வரைபடம் எடுத்துவைத்த சில அமெரிக்க நகரங்களில். நமக்கு விற்கப்படுவது இரண்டாம் நிலை உதவி, அதாவது கார் கை கொடுக்கும், ஆனால் சாலையைக் கவனிக்க வேண்டியது ஓட்டுநர்தான், அதில் விபத்து நடந்தால் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்டீயரிங் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான்.

வாங்கிய பிறகு செய்யும் தவறுகளும் இருக்கின்றன. கேமரா முன்கண்ணாடியின் மேல்பகுதியில் இருக்கும், அதன் முன்னால் டின்ட் ஒட்டுவது, டேஷ்கேமை ஒட்டுவது, டோலுக்கான ஸ்மார்ட்டேக்கை மாட்டுவது எல்லாம் அதன் பார்வையை மறைக்கும். டேஷ்போர்டில் பளபளக்கும் பிள்ளையார் சிலை வைக்கிறோம், அதன் பிரதிபலிப்பு கண்ணாடியில் விழுந்து கேமராவைக் குழப்பலாம். இரட்டைக் கேமரா உள்ள கார்களின் கையேட்டில் இதற்கென்றே எச்சரிக்கை இருப்பதுண்டு, பளபளக்காத சின்னச் சிலையாகப் பார்த்து வையுங்கள். ரேடார் முன்பம்பர் அல்லது கார் நிறுவனச் சின்னத்துக்குப் பின்னால் இருந்தால் செம்மண் சேறு அப்பிக்கொள்ளாமல் கழுவுங்கள், பம்பரை வொர்க்‌ஷாப்பில் புட்டி போட்டுப் பெயின்ட் அடிக்கும் முன் விசாரியுங்கள். கல் பட்டு முன்கண்ணாடி உடைந்தால் கண்ணாடி விலையோடு கேமராவை மறுபடி சரிபார்த்து அமைக்கும் செலவும் சேரும். கண்ணாடிக் காப்புறுதி தனியாக எடுப்பது, அந்தத் தொகையைக் குறைவாகப் போட்டுவிட்டால் மிச்சம் உங்கள் கையிலிருந்துதான் போகும், அதனால் புதுப்பிக்கும்போதே இரண்டு செலவையும் கேட்டுச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் இருக்கும் நல்ல சாலையில் முடித்துவிடாதீர்கள். தினமும் நீங்கள் போகிற தோட்டத்துச் சாலையில், முடிந்தால் அந்திநேரத்தில், ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். முடியாது என்று சொன்னால் வேறு கிளைக்குப் போய்க் கேளுங்கள்.