ஷோனென் மாங்காவை எடைபோடுவது எப்படி: ஓர் ஓவிய ஆசிரியரின் குறிப்பு

வேலூர் சத்துவாச்சாரியில் சனி, ஞாயிறுகளில் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் குடமும் பழக்கூடையும் வேண்டாம், மாங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதைதான் வேண்டும், அதிலும் ஷோனென் எனப்படும் சிறுவர் சாகச வகை. சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: எந்தத் தொடரைப் பார்த்து வரைகிறார்களோ, அதன் நிறை குறைகளை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். "சண்டை பிரமாதம், நடுவில் கொஞ்சம் இழுவை" என்றுதான் பெரும்பாலும் எழுதி வருகிறார்கள். யாரும் எந்தத் தொடரைப் பற்றியும் எழுதிவிடக்கூடிய வரி அது. அதைத் திருத்தித் திருத்தி உருவான முறை இது. எடுத்துக்காட்டாக யோஷிஹிரோ டொகாஷியின் 'ஹன்டர் ஹன்டர்' தொடரை வைத்துக்கொள்கிறேன். பின்பகுதிக் கதையையும் போட்டு உடைப்பேன். இன்னும் படிக்காதவர்கள் கடைசிப் பத்திக்குத் தாவிவிடலாம்.

முதலில் எல்லை கட்டுங்கள். 1998-இல் வாராந்தர 'ஷோனென் ஜம்ப்' இதழில் தொடங்கிய இந்தத் தொடர் இன்னும் முடியவில்லை. இத்தனை ஆண்டு நீளமுள்ள ஒன்றுக்கு ஒரே மதிப்பெண் போடுவது அபத்தம். ஹன்டர் தேர்வு, வான் அரங்கம், யார்க்நியூ நகரம், கிரீட் ஐலண்ட், கைமெரா எறும்புகள் என்று கதை பகுதி பகுதியாகப் பிரிந்தே கிடக்கிறது. எந்தப் பகுதியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இந்த மாங்காவை வைத்து எடுத்த அனிமேயை, அதாவது அசையும் படத் தொடரை, இதில் கலக்காதீர்கள். 2011 முதல் 2014 வரை வந்த 148 அத்தியாயங்களின் இசையும் வண்ணமும் வேறொரு குழுவின் உழைப்பு. அதற்கான பாராட்டை டொகாஷியின் கணக்கில் எழுத வேண்டாம்.

அடுத்து, சக்தியின் விதிகளைப் பாருங்கள். சாகசத் தொடர் நிற்பதும் விழுவதும் இங்கேதான். இந்தக் கதையில் சக்திக்குப் பெயர் நென். யாருக்கு எந்த வகை நென் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை வரும். கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர், மேலே ஓர் இலை, இரு கைகளையும் டம்ளரைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். நாயகன் கோன் பிடித்ததும் தண்ணீர் பெருகி வழிகிறது. உடல் வலுவைக் கூட்டும் வகை அவனுடையது. அவன் நண்பன் கில்லுவா பிடித்தால் பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்தால் லேசாக இனிக்கிறது. தன் சக்தியின் தன்மையையே மாற்றும் வகை. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு பையன்களின் குணமும் தெரிந்துவிடுகிறது: ஒருவன் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுபவன், மற்றவன் வெளியே காட்டிக்கொள்ளாதவன். இதை "சக்தி அமைப்பு நன்றாக உள்ளது" என்று எழுதினால் நான் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன். டம்ளரைப் பற்றி எழுதுங்கள்.

ஒரு சண்டை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வென்றவன் ஏன் வென்றான் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "கோபம் வந்தது, பலம் கூடியது" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லையென்றால் அது பலவீனம். கோனின் இன்னொரு தோழன் குராபிகாவின் சண்டை இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. பஸூக்கா குண்டையே கையால் தாங்குகிற, சிலந்திக் கூட்டம் என்ற கொள்ளைக் கும்பலைச் சேர்ந்த உவோகினை அவன் சங்கிலியால் கட்டிப்போடுகிறான். அந்தச் சங்கிலியைச் சிலந்திக் கூட்டத்தாரிடம் மட்டுமே பயன்படுத்துவேன், மீறினால் செத்துப்போவேன் என்று அவன் தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுதான் அந்த வலுவுக்குக் காரணம். தோல்வியையும் இப்படியே சோதியுங்கள். வான் அரங்கத்தில் கோன் மேடைக் கற்பலகையைப் பெயர்த்து வீசி, சிதறும் துண்டுகளின் மறைவில் புகுந்து எதிராளி ஹிசோகாவின் முகத்தில் ஒரு குத்து விடுகிறான். புள்ளிக்கணக்கில் தோற்றும் போகிறான். ஆனால் அவன் வந்தது அந்த ஒரு குத்துக்காகத்தான். நாயகனைத் தோற்க விட்டும் வாசகனுக்குத் திருப்தி தருவது எளிதான வேலையல்ல.

அதே விதிகள் பிற்பாடு பாரமாகின்றன. கப்பலில் பதினான்கு இளவரசர்கள் வாரிசுரிமைக்கு மோதும் பகுதியில், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விதி, ஒவ்வொரு விதிக்கும் ஒரு விதிவிலக்கு. பல பக்கங்களில் எழுத்துக்குத்தான் முதல் மரியாதை, படம் மூலையில் ஒதுங்கி நிற்கிறது. இதைச் சோதிக்க எளிய வழி, பேச்சுக் குமிழ்களை வெள்ளைத் தாள் துண்டுகளால் மறைத்துவிட்டுப் பக்கத்தைப் பார்ப்பதுதான். வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். முத்து காமிக்ஸ் படித்த கண்ணுக்குப் பழகச் சற்று நேரம் பிடிக்கும். யார் எங்கே நிற்கிறார், அடி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது புரிந்தால் படம் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

படத்தில் வேகம் என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளைகளைக் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போவேன். முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரையும் அதன்மேல் வீரனும் தூணிலேயே செதுக்கப்பட்டிருக்கும். சிற்பி தேர்ந்தெடுத்தது பாய்வதற்குச் சற்று முந்திய கணம். நல்ல மாங்கா ஓவியரும் அந்தக் கணத்தைத்தான் பிடிக்கிறார், அடி விழுந்த பின்பு கிளம்பும் புழுதியை அல்ல. டொகாஷிக்கு இது நன்றாகவே வரும். ஆனால் வார இதழில் சில வாரங்கள் கரடுமுரடான கோட்டுப் படங்களாகவே பக்கங்கள் வெளிவந்து, தொகுதியாகும்போது திருத்தி வரையப்பட்டன. எதைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

நாயகன் எதை விலையாகக் கொடுக்கிறான் என்பதற்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். எறும்புகள் பகுதியில், தன் வழிகாட்டி கைட்டைக் கொன்ற எறும்பு பிட்டோவைப் பழிவாங்க, கோன் தன் வருங்கால வளர்ச்சி முழுவதையும் ஒரே நொடியில் எரித்துவிடுகிறான். சிறுவர் இதழில் சிறுவனை இவ்வளவு இருட்டில் தள்ளத் துணிச்சல் வேண்டும். தொடரின் உச்சம் அதுதான். பிறகு கில்லுவாவின் தங்கை அலுக்கா வழியாகக் கோனின் உடல் ஒரே தொடுதலில் தேறிவிடுகிறது. நென் போய்விட்டது உண்மைதான். இருந்தாலும் கட்டிய கட்டணத்தில் பெரும்பகுதியை ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. "அலுக்காவின் சக்திக்கும் விதிகள் உண்டே சார்" என்று ஒரு மாணவி என்னோடு வாதாடி, நான்கு பக்கம் எழுதி வந்தாள். நான் மசியவில்லை, மதிப்பெண் மட்டும் முழுதாகப் போட்டேன்.

பெண் பாத்திரங்களைக் கணக்கிடும்போது தலைகளை எண்ணாதீர்கள், முடிவெடுப்பவர்களை எண்ணுங்கள். கோனுக்கும் கில்லுவாவுக்கும் பயிற்சி தரும் பிஸ்கி ஒருத்தியே ஒரு பகுதியைத் தூக்கி நிறுத்துகிறாள். முதல் பகுதியில் அப்படி ஒருத்தியும் இல்லை.

தொடர் அடிக்கடி நின்றுபோவதைக் கதையின் குறையாக எழுதக் கூடாது. 2018 நவம்பரிலிருந்து 2022 அக்டோபர் வரை ஓர் அத்தியாயமும் வரவில்லை. டொகாஷியின் முதுகு வலியும் உடல்நிலையும் ஊரறிந்த விஷயம். வாசகரின் சிரமம் என்று அதைத் தனியாக ஒரு வரியில் சொன்னால் போதும். எறும்புகள் பகுதியின் அரண்மனைத் தாக்குதலில் சில நிமிடங்கள் பல அத்தியாயங்களுக்கு நீள்வது வேறு. அது ஆசிரியர் தெரிந்தே செய்தது, அதற்கு அவரைக் கேள்வி கேட்கலாம். வாரம் ஒன்றாகப் படித்தவருக்கு அது வதை. தொகுதியாகப் படித்தவருக்கு மூச்சு முட்டும் விறுவிறுப்பு. நான் இரண்டாவது கட்சி.

எழுதும்போது ஒவ்வொரு நிறைக்கும் குறைக்கும் தொகுதி எண்ணும் காட்சியும் பக்கத்தில் இருக்கட்டும். "படிக்கத் தொடங்கலாமா?" என்று கேட்பவருக்கும் ஒரு பதில் கொடுத்து முடியுங்கள். என் பதில்: யார்க்நியூ பகுதி முடிகிற 13-ஆம் தொகுதி வரை படியுங்கள். அதுவும் பிடிக்கவில்லையென்றால் எறும்புகள் வரை போக வேண்டாம், வேறு தொடரை எடுங்கள்.