டிராஃப்டுக்கு முன் ஓர் இளம் ஃபார்வர்டை எடைபோடுவது எப்படி? (ஐஸ் ஹாக்கி, படிப்படியாக)

வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 32 அணிகள், 7 சுற்றுகள், மொத்தம் 224 தேர்வுகள். இந்தப் பையன் எடுபடுவானா, மாட்டானா என்று டிவியில் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டாமல், நாமே ஒரு முடிவுக்கு வர முடியுமா? முடியும். நான் ஒவ்வொரு சீசனும் செய்கிற முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது ஃபார்வர்டுகளுக்கு (தாக்கி ஆடுபவர்களுக்கு) மட்டும். டிஃபென்ஸ்மேனுக்குக் கணக்கு வேறு. கோலி (கோல்கீப்பர்) பக்கம் நான் போவதே இல்லை. ஆஃப்சைடு, ஐசிங், பவர் ப்ளே எல்லாம் தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

வேண்டியவை: கூகுள் ஷீட்ஸ், வீரர்களின் புள்ளிவிவரம் கிடைக்கும் எலைட் ப்ராஸ்பெக்ட்ஸ் தளம், அந்தந்த லீக்கின் சொந்தத் தளம், முழு ஆட்ட வீடியோ, ஒரு கோடு போட்ட நோட்டு. டேப்லெட்டில் குறிப்பெடுக்கும் செயலிகள் நிறைய இருக்கின்றன. எனக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கிறுக்குவதற்குப் பேனாதான் சரி.

படி 1: பிறந்த தேதி

புள்ளிகளை (கோலும், கோலுக்கு வழிவகுத்த பாஸான அசிஸ்ட்டும் சேர்ந்த எண்ணிக்கை) பார்க்கும் முன் பிறந்த தேதியைப் பாருங்கள். டிராஃப்ட் ஆண்டின் செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆஸ்டன் மாத்யூஸ் 1997 செப்டம்பர் 17இல் பிறந்தவர். இரண்டே நாளில் 2015 டிராஃப்ட் கைநழுவியது. அடுத்த சீசனை சுவிட்சர்லாந்தில் பெரியவர்களோடு ஆடிவிட்டு, 2016இல் முதல் ஆளாக டொராண்டோவுக்குப் போனார்.

இந்த விதியால், ஒரே டிராஃப்டில் முதன்முறை நிற்கும் இரண்டு பேருக்கு இடையே கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம். பதினேழு, பதினெட்டு வயதில் அது பெரிய இடைவெளி. 2020இல் முதலில் தேர்வான அலெக்சி லாஃப்ரெனியே 2001 அக்டோபரில் பிறந்தவர். அதனால் டிராஃப்டுக்கு முன்பே கியூபெக் ஜூனியர் லீக்கில் மூன்று சீசன் ஆடி முடித்திருந்தார். கடைசி சீசனில் 52 ஆட்டத்தில் 112 புள்ளிகள். அபாரம்தான். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் பிறந்த பையனின் எண்ணோடு அதை அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. ஷீட்டில் ‘செப்டம்பர் 15 அன்று வயது’ என்று ஒரு பத்தி போட்டு, தசம எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். மூத்த பையனாக இருந்தால் அவனுடைய முந்தைய சீசனையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

படி 2: லீக்குக்கு ஏற்ப எண்ணைக் குறைப்பது

ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று வகுத்து, லீக்கின் தரத்துக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்கி, 82 ஆட்டத்துக்கு நீட்டுவது வழக்கம். ஹாக்கிப் புள்ளிவிவர ஆய்வாளர் கேப்ரியல் டெஜார்டின் பிரபலமாக்கிய முறை இது. ஒன்டாரியோ ஜூனியர் லீக்குக்கு நான் தோராயமாக 0.3 போடுகிறேன். ஆளாளுக்கு எண் கொஞ்சம் மாறும். எல்லா வீரர்களுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தினால் போதும், அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

2015 டிராஃப்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஒன்டாரியோ லீக்கில், ஈரி ஆட்டர்ஸ் அணியின் டிலன் ஸ்ட்ரோம் 68 ஆட்டத்தில் 129 புள்ளிகள். லண்டன் நைட்ஸின் மிட்ச் மார்னர் 63 ஆட்டத்தில் 126. கணக்குப் போட்டால் ஸ்ட்ரோமுக்கு 47, மார்னருக்கு 49 வரும். பிறந்த தேதியிலும் இரண்டு மாத வித்தியாசம்தான். ஷீட் இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. டிராஃப்டிலும் ஸ்ட்ரோம் 3, மார்னர் 4. ஆனால் மார்னர் முதல் என்.எச்.எல். சீசனிலேயே 61 புள்ளிகள் எடுத்தார். ஸ்ட்ரோம் அரிசோனாவில் வேர்விட முடியாமல் 2018இல் சிகாகோவுக்கு மாற்றப்பட்டார். பிற்பாடு வாஷிங்டனில் நன்றாகவே நிலைத்துவிட்டார், அது வேறு விஷயம். அந்த ஆரம்ப வித்தியாசம் இந்தப் படியில் தெரியவே தெரியாது.

படி 3: யாரோடு ஆடி எடுத்த புள்ளிகள்?

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படியும் இதுதான்.

லீக் தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்கோர்ஷீட் இருக்கும். கோல் போட்டது யார், முதல் அசிஸ்ட் யார், இரண்டாவது அசிஸ்ட் யார், பவர் ப்ளேயா (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) இல்லையா, எல்லாம் அதில் உண்டு. உங்கள் ஆள் பெயர் வரும் ஒவ்வொரு கோலையும் ஷீட்டில் ஒரு வரியாக ஏற்றுங்கள். அலுப்பான வேலை. பாட்டு போட்டுவிட்டு உட்காருங்கள். முடிந்ததும் மூன்று விஷயம் பிரியும்.

ஒன்று, கோலும் முதல் அசிஸ்ட்டும் சேர்ந்து எவ்வளவு என்பது. இரண்டாவது அசிஸ்ட்டில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். தன் எல்லையில் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) தட்டிவிட்டு, அங்கிருந்து வேறொருவர் முழுத் தூரம் ஓடிப் போட்ட கோலுக்கும் அது கிடைக்கும். இரண்டு, ஐந்துக்கு ஐந்து ஆடும்போது எவ்வளவு, பவர் ப்ளேயில் எவ்வளவு என்பது. ஜூனியர் பவர் ப்ளேயில் சுவரோரம் நின்று யோசிக்கக் கிடைக்கும் நேரம் மேலே போனால் கிடைக்காது. மூன்றாவது, அந்த வரிகளில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு பெயர். அந்தப் பெயர் ஆடாத ஆட்டங்களை வடிகட்டி, நம் ஆள் என்ன செய்தான் என்று தனியாகப் பாருங்கள்.

அலெக்ஸ் டிப்ரின்கட் கதையைச் சொன்னால் புரியும். 2014–15இல் அதே ஈரி அணியில் கானர் மெக்டேவிட், ஸ்ட்ரோம் என்று இரண்டு பெரிய சென்டர்கள் (நடுவில் ஆடும் ஃபார்வர்டுகள்). டிப்ரின்கட் 68 ஆட்டத்தில் 51 கோல் போட்டார். ‘மெக்டேவிட் பக்கத்தில் நின்றால் யார்தான் போட மாட்டார்’ என்ற சந்தேகம் நியாயமானதே. 2015–16இல் மெக்டேவிட் எட்மண்டனுக்குப் போய்விட்டார். டிப்ரின்கட்டோ 60 ஆட்டத்திலேயே மறுபடியும் 51 கோல். ஸ்ட்ரோம் அணியில் இருந்தார் என்பதால் சந்தேகம் முழுதாகத் தீராது. ஆனாலும் இது வலுவான சாட்சி. உயரம் 5 அடி 7 அங்குலம் என்பதால் 2016 டிராஃப்டில் 39ஆம் இடம் வரை சரிந்தார். சிகாகோ எடுத்தது. முதல் சீசனில் 28 கோல், இரண்டாவதில் 41.

இதை வைத்து ‘நல்ல சென்டரோடு ஆடியவனை எல்லாம் தள்ளு’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே 2016இல் மாத்யூ கச்சக் லண்டன் நைட்ஸில் மார்னர், டுவோராக் இருந்த லைனில் (ஒன்றாகக் களமிறங்கும் மூன்று ஃபார்வர்டுகள்) ஆடி 57 ஆட்டத்தில் 107 புள்ளிகள் எடுத்தார். அவர் மீதும் இதே கேள்வி எழுந்தது. ஆனால் கோல் வாசலில் நின்று அடி வாங்கிக்கொண்டே பக்கைத் திருப்பிவிடும் திறமையை யாரும் அவருக்குக் கடன் கொடுக்கவில்லை. அது ஷீட்டில் வராது. அடுத்த படிக்குப் போக வேண்டும்.

படி 4: முழு ஆட்டம் பார்ப்பது

ஹைலைட் வீடியோவை வைத்து ஒரு வீரனை மதிப்பிடுவது, கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் குடும்பத்தை எடைபோடுவது போல. யூடியூபில் ‘டாப் 20 கோல்’ எது வந்தாலும் மூடிவிடுங்கள்.

குறைந்தது மூன்று முழு ஆட்டங்கள்: வெளியூரில் வலுவான அணியோடு ஒன்று, அவனுடைய அணி தோற்றது ஒன்று, அடுத்தடுத்த நாட்களில் ஆடியதில் இரண்டாவது நாள் ஆட்டம் ஒன்று. வர்ணனையை ஊமையாக்குங்கள். வர்ணனையாளர் ஒரு பெயரைப் பத்து முறை சொன்னால் அவன் பிரமாதமாக ஆடுவதாகவே நமக்குத் தோன்றும்.

இப்போது கஷ்டமான பகுதி. கண் தானாகப் பக்கின் பின்னாலேயே ஓடும். ஓடவிடாதீர்கள். அவன் பெஞ்சிலிருந்து இறங்கியது முதல் திரும்ப ஏறும் வரை அவனை மட்டும் பாருங்கள். ஒரு ஷிஃப்ட் முக்கால் நிமிடம்தான். பழகிவிடும்.

நோட்டில் நான் குறிப்பவை: பக் வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தானா? நின்ற இடத்திலிருந்து முதல் மூன்று எட்டில் வேகம் எடுக்கிறானா? எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக் கோட்டைப் பக்கோடு கடக்கிறானா, இல்லை சுவரில் அடித்துவிட்டுத் துரத்துகிறானா? (பக்கோடு நுழைந்தால் ஷாட்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைப்பதாக எரிக் டுல்ஸ்கியின் ஆய்வு காட்டியது. அவர் இப்போது கரோலினா அணியின் ஜெனரல் மேனேஜர்.) கோலுக்கு நேர் எதிரே இருக்கும் ஸ்லாட்டுக்குள் பாஸ் கொடுக்க முயல்கிறானா? பக்கைப் பறிகொடுத்த அடுத்த இரண்டு நொடியில் என்ன செய்கிறான்?

கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. சிலர் கையை விரித்து நடுவரைப் பார்ப்பார்கள்.

ஜூனியரில் மட்டும் செல்லுபடியாகும் வித்தைகளைத் தனியாகக் குறியுங்கள். மூன்று பேரை ஒரே ஓட்டத்தில் ஏமாற்றுவது, எதிரணிப் பக்கம் முன்கூட்டியே நழுவி நின்று நீண்ட பாஸுக்குக் காத்திருப்பது, தூரத்திலிருந்து அடித்த ஷாட்டைச் சின்னப் பையன் கோலி கோட்டைவிடுவது, இதெல்லாம் அந்த வகை.

படி 5: எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது

என் கட்சி இதுதான்: ஸ்கேட்டிங்கைத் திருத்தலாம், உடம்பை ஏற்றலாம். ஆட்டத்தைப் படிக்கும் கண்ணைப் பதினெட்டு வயதுக்கு மேல் யாரும் வைத்துக் கொடுக்க முடியாது. பிரேடன் பாயிண்ட் மூஸ் ஜா என்ற ஜூனியர் அணியில் 72 ஆட்டத்தில் 91 புள்ளிகள் எடுத்தும், உயரமும் ஸ்கேட்டிங்கும் போதாது என்று 2014இல் 79ஆவதாகத்தான் போனார். பின்னர் வேகத்துக்கே பெயர்போனார். டாம்பா பேயோடு 2020, 2021 இரண்டு ஸ்டான்லி கோப்பை (என்.எச்.எல். பட்டம்), 2022–23இல் 51 கோல்.

தலைகீழாகவும் சொல்லலாம். வேகம் இருந்து, தலை நிமிராத விங்கருக்கு (ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டுக்கு) நான் எப்போதும் ஒரு சுற்று குறைத்தே போடுவேன்.

பஃபலோவில் நடக்கும் கம்பைன் என்ற உடற்திறன் சோதனை முகாமுக்கு ரொம்ப மதிப்புக் கொடுக்காதீர்கள். அங்கே சைக்கிள் மிதிக்க வைப்பார்கள், குதிக்க வைப்பார்கள். ஸ்கேட் மட்டும் கட்ட மாட்டார்கள். 2014இல் சாம் பென்னட்டால் ஒரு புல்-அப் கூட எடுக்க முடியவில்லை என்று ஊரே சிரித்தது. கால்கரி நான்காவதாக எடுத்தது. 2025இல் ஃபுளோரிடா கோப்பை வென்றபோது பிளேஆஃப் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான்.

எல்லாம் முடிந்ததும் நான்கைந்து வரியில் எழுதுங்கள்: எந்த லைனில் ஆடுவான், சென்டரா விங்கரா, பவர் ப்ளே இல்லாவிட்டாலும் இடம் உண்டா, எந்தச் சுற்றில் எடுப்பீர்கள். என்.எச்.எல். வெளியிடும் சென்ட்ரல் ஸ்கவுட்டிங் தரவரிசைப் பட்டியலை இதற்குப் பிறகே திறக்கவும். முன்னாலேயே பார்த்துவிட்டால் கை தானாக அந்த எண்ணையே எழுதும்.

சேர்த்தது: ‘ஸ்வீடன் பையனுக்கு இந்தக் கணக்கு வேலை செய்யவில்லை’ என்று கமென்டில் கேட்டிருந்தார்கள். அவன் பெரியவர்கள் லீக்கில் ஆடியிருப்பான், நேரமும் கொஞ்சமே கிடைத்திருக்கும். லூகஸ் ரேமண்ட் 2019–20இல் ஃப்ரோலுண்டாவுக்கு 33 லீக் ஆட்டத்தில் வெறும் 10 புள்ளிகள்தான் எடுத்தார். டெட்ராய்ட் நான்காவதாக எடுத்தது. முதல் என்.எச்.எல். சீசனிலேயே 57 புள்ளிகள். இப்படிப்பட்டவர்களுக்குப் புள்ளியை ஆட்டத்தால் வகுக்காமல் களத்தில் நின்ற நிமிடங்களால் வகுங்கள். ஜூனியர் அணிக்கு இறங்கி ஆடிய ஆட்டங்களைத் தனி வரியில் வையுங்கள், ஒன்றாகக் கூட்டாதீர்கள்.

இன்னொன்று: 2025 ஆகஸ்ட் முதல் கனடிய ஜூனியர் லீக்கில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்குப் போகலாம். நல்ல பையன்கள் இனி அந்தப் பக்கமும் நகர்வார்கள். இரண்டு இடத்துக்கும் பழைய பெருக்கல் எண்ணை அப்படியே ஓட்டாமல், ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.