கொழும்பு வெக்கையில் வயதாகும் ஹைபிரிட்: நாம் செய்யும் தவறுகள்

வெள்ளவத்தையில், காலி வீதி நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் என் டொயோட்டா அக்குவா ஹைபிரிட் காரின் டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. பக்கத்தில் இருந்த கராஜுக்குக் கொண்டுபோனேன். ஸ்கேன் கருவியைச் செருகிப் பார்த்த மெக்கானிக் பாஸ், “ஹைபிரிட் பெட்டரி முடிஞ்சுது தம்பி, முழுசா மாத்தவேணும்” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் காரையே விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. இரண்டாவது இடத்தில் காட்டியபோது, அங்கே பின் இருக்கையைத் தூக்கிப் பெட்டரி விசிறியைக் கழற்றினார்கள். தூசியும் தலைமுடியும் சேர்ந்து விசிறியின் இதழ்களில் கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. துடைத்துப் பூட்டியதும் விளக்கு அணைந்தது. கார் இன்றும் ஓடுகிறது.

காரை வாங்கிய நாளில் இருந்து அந்த விசிறியை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தவறு என்னுடையதுதான். நம்மில் பலர் இதைத்தான் செய்கிறோம். பெட்டரியை நினைத்துப் பயப்படுகிறோம், ஆனால் பெட்டரியைக் காப்பாற்றும் சின்னச் சாமான்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் நாலைந்து வருடத்தில் மாற்றிவிடலாம் என்று வாங்கிய கார்களையே பத்துப் பன்னிரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த ஊரின் சூட்டிலும், ஊர்ந்து போகும் நெரிசலிலும்.

டொயோட்டாவின் இன்னொரு ஹைபிரிட்டான பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பெட்டரியில் 28 பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு செல்கள், மொத்தம் 201.6 வோல்ட். முதல் தலைமுறை அக்குவாவில் 20 பெட்டிகள், 144 வோல்ட். இரண்டிலும் பெட்டரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்றுத்தான். பின் இருக்கையின் ஓரத்திலோ கீழேயோ இருக்கும் துளை வழியாக விசிறி அதை உறிஞ்சும். அந்தத் துளைக்கு முன்னால் பையையோ குடையையோ வைப்பது பெரிய தவறு. பெற்றோலை மிச்சம் பிடிக்க மத்தியான வெயிலில் ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுவதும் அதே போலத்தான். நாம் வேர்க்கும்போது பெட்டரியும் சூட்டில் கிடக்கிறது. விசிறியை வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள், பெரிய செலவு இல்லை.

பெட்டரி உண்மையிலேயே தளர்ந்துவிட்டால், கெட்ட ஒரு பெட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளும் ஆசை வரும். நடுவில் இருக்கும் பெட்டிகளுக்குத்தான் சூடு அதிகம், பெரும்பாலும் அவைதான் முதலில் போகும். ஆனால் பக்கத்தில் இருப்பவையும் அதே வயதுதானே? ஒன்றை மாற்றினால் சில மாதத்தில் அடுத்தது விழும். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் செய்தாலும் வேறெங்கு செய்தாலும், ஒவ்வொரு பெட்டியின் கொள்ளளவையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். யூடியூப் பார்த்து வீட்டில் திறக்கவே வேண்டாம். செம்மஞ்சள் நிறக் கேபிள்களில் ஓடுவது உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம். பெட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும், பெட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும்.

நெரிசலில் கியரை ‘என்’னில், அதாவது நியூட்ரலில், போட்டுவிட்டு ஏசியோடு இருப்பது இன்னொரு பழக்கம். பழைய ஓட்டோ கியர் கார்களில் பழகியவர்கள் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். டொயோட்டா ஹைபிரிட்டில் ‘என்’னில் இருக்கும்வரை பெட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, ஏசியோ அதே பெட்டரியில்தான் ஓடுகிறது. ‘டி’யில் பிரேக்கை மிதித்து நில்லுங்கள், நீண்ட நேரமானால் ‘பி’யில் போடுங்கள். 2022இல் எரிபொருள் வரிசையில் பெற்றோல் தீர்ந்த காரைப் பெட்டரியிலேயே நகர்த்தியவர்கள் எத்தனை பேர்! அப்படிச் செய்து பெட்டரி அடியோடு இறங்கிவிட்டால், இந்தக் கார்களில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லாததால் எஞ்சினைக் கிளப்பவே வழியில்லை. வேறொரு வாகனத்தின் பெட்டரியில் இருந்து கம்பி இழுத்துப் பன்னிரண்டு வோல்ட் ஜம்ப் கொடுத்தாலும் உதவாது.

எல்லாக் கார்களிலும் இருக்கிற மாதிரி இவற்றிலும் இருக்கும் சின்னப் பன்னிரண்டு வோல்ட் பெட்டரி வேறு சமாச்சாரம். அது தளர்ந்தால் டாஷ்போர்டில் சம்பந்தமில்லாத விளக்குகள் எல்லாம் எரியும், கார் ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ வராது. ஹைபிரிட் பெட்டரி என்று பதறுவதற்கு முன் முதலில் இதை அளந்து பாருங்கள். அக்குவாவில் இது காருக்குள்ளேயே இருப்பதால், வாயுவை வெளியே விடும் குழாய் பொருத்தக்கூடிய பெட்டரிதான் போடவேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரண பெட்டரியைப் போட்டுவிடாதீர்கள். ஜம்ப் கொடுக்கும்போது கம்பி மாறிவிட்டால் போகும் சாமான்கள் பெட்டரி விலையை விடப் பல மடங்கு.

அடுத்தது எஞ்சின். ஹைபிரிட் என்றால் எஞ்சினுக்கு வேலை குறைவு, பராமரிப்பும் குறைவு என்று நினைக்கிறோம். மூன்றாம் தலைமுறை பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த நினைப்பு மிகவும் ஆபத்தானது. அந்த 1.8 லீற்றர் எஞ்சினில் புகையின் ஒரு பங்கைக் குளிர்வித்துத் திரும்ப உள்ளே அனுப்பும் ஈஜிஆர் என்ற அமைப்பு இருக்கிறது. வருடக்கணக்கில் அதில் கரி அடைக்கும். அடைத்தால் சிலிண்டருக்குள் சூடு கூடும், எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு பலவீனமாகும், இரவில் கார் நிற்கும்போது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் துளித்துளியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். அதன் அடையாளம் காலையில்தான் தெரியும். முதல் ஸ்டார்ட்டில் கார் முழுவதும் உலுக்கி எடுக்கும், தட்டுகிற சத்தம் வரும், அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். அடங்கிவிட்டதால் பெற்றோல் சரியில்லை என்று விட்டுவிடுகிறோம். கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறோம். கீழே ஒழுக்கு இல்லாமல் கூலன்ட் குறைகிறது என்றால் அன்றே காட்டுங்கள். ஈஜிஆரைக் கழுவும் செலவு சிறியது. தலைப்பகுதி வளைந்த எஞ்சினைத் திருத்தும் செலவு அப்படியல்ல.

பிரியஸில் இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் தொட்டியும் மின்சாரப் பம்பும் உண்டு. ‘ரெடி’யில் வைத்து அந்தத் தொட்டியைப் பாருங்கள். உள்ளே திரவம் அசையவேண்டும். அசையாவிட்டால் பம்ப் நின்றிருக்கலாம், மேற்கொண்டு ஓட்டவேண்டாம்.

ஹொண்டாவின் முதல் தலைமுறை வெசெல் ஹைபிரிட், ஜிபி5 ஃபிட் ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவற்றில் இருப்பது இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டி. டொயோட்டா மாதிரி அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் சூடாகித் தேயும். முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, சேர்த்து நகருங்கள். பிரேக் பேட் தேயவில்லை என்று அதையும் மறந்துவிடாதீர்கள். மோட்டார் வேகத்தைக் குறைப்பதால் பேட் தேயாது, ஆனால் கடற்கரையோரம் நிறுத்தும் கார்களில் பேட்டை அழுத்தும் கெலிப்பர் துருப்பிடித்து இறுகும்.

பழைய ஹைபிரிட் வாங்கப் போகிறவர்கள் காலையில், சொல்லாமல் கொஞ்சம் முன்னதாகவே போங்கள். பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்த முதல் ஸ்டார்ட்டை உங்களுக்கு முன்பே யாரோ கேட்டுவிட்டார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.